உடன்பிறவா அக்காக்கள்: அமெரிக்கக் கல்லூரிகளின் சொராரிட்டி மரபு

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்று கமலா ஹாரிஸ் ஆற்றிய உரையில் 'சித்தி' என்ற சொல் வந்ததும் தமிழ்நாடு துள்ளிக் குதித்தது. அந்த உற்சாகத்தில், அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொரு பெயரை நம்மில் பலர் தவறவிட்டுவிட்டோம். தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டே போனவர், மாமாக்கள், அத்தைகள், சித்திகள் என்ற அதே வரிசையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் சேர்த்தார். வாஷிங்டனில் உள்ள ஹாவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986-இல் அவர் சேர்ந்த சொராரிட்டி அது. கல்லூரி முடித்து முப்பது வருடங்களுக்கும் மேலான பிறகு, அம்மாவின் தங்கைகளுக்கு நிகராக ஒரு மாணவியர் சங்கத்தை ஒருவர் வைக்கிறார் என்றால், அந்தச் சங்கம் அவருக்கு என்ன செய்திருக்கும்? சொராரிட்டிகளைப் பற்றி நூறு வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் நடந்துவரும் விவாதம் முழுவதும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில், என்ன அது? இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொண்ட பெண்கள் சங்கம். தலைமை அமைப்பு நாடு முழுவதற்கும் ஒன்று. கல்லூரிக்குக் கல்லூரி அதன் கிளை, அதைச் சாப்டர் என்பார்கள். பல வளாகங்களில் சாப்டருக்குச் சொந்த வீடு இருக்கும். மாணவிகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். சேருவதற்கு ஒரு சடங்கு, வெளியே சொல்லக்கூடாத ஒரு கைகுலுக்கல், மார்பில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், தங்களுக்கென்று ஒரு நிறம், ஒரு பூ, சில பாட்டுகள். ஒரு முறை சேர்ந்தால் சாகும்வரை உறுப்பினர். ஹாலிவுட் படங்கள் காட்டுகிற பொன்முடி அழகிகளும் இரவு விருந்துகளும் பொய்யல்ல. ஆனால் அவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த அமைப்பு ஏன் தோன்றியது என்பதே புரியாது.

பெண்களுக்கான ரகசியச் சங்கங்கள் 1851-லும் 1852-லும் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் தொடங்கின. அது பெண்களுக்கே உரிய கல்லூரி. உண்மையான நெருக்கடி ஆண்கள் கல்லூரிகளுக்குள் பெண்கள் நுழைந்தபோதுதான் வந்தது. இண்டியானாவின் கிரீன்காசில் ஊரில் இருந்த கல்லூரி (இன்று டிபா பல்கலைக்கழகம்) 1867-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சக மாணவர்களில் பலருக்கும் ஆசிரியர்களில் சிலருக்கும் அது பிடிக்கவில்லை. அங்கே படித்த பெட்டி லாக் என்ற பெண்ணிடம் ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அணிந்துகொள்ளச் சொன்னதாம், உறுப்பினராக அல்ல, சங்கத்துக்கு ஓர் அடையாள அலங்காரமாக. முழு உறுப்பினராக்கினால் அணிகிறேன் என்றாள், அவர்கள் மறுத்தார்கள், அவள் தனியாகவே ஒன்றைத் தொடங்கினாள். 1870 ஜனவரியில் பிறந்த கப்பா ஆல்ஃபா தீட்டாவின் தோற்றத்தை அந்த அமைப்பு இப்படித்தான் சொல்லிவருகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் பன்னிரண்டு மாணவிகள் கூடி அமைத்த சங்கம்தான் இன்றைய பை பீட்டா ஃபை.

அந்த முதல் தலைமுறைக்கு நட்பு என்பது பொழுதுபோக்கு அல்ல. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாலே பின்வரிசை சிரிக்கும் இடத்தில், தன்னோடு படிக்கிற நான்கு பெண்கள் தன் பக்கம் இருக்கிறார்கள் என்ற தைரியம் அது. வாராந்தரக் கூட்டத்தில் கட்டுரை வாசித்தார்கள், விவாதித்தார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் திருத்தினார்கள். ஒருத்தி தேர்வில் சறுக்கினால் ஒட்டுமொத்தப் பெண்ணினமும் படிக்க லாயக்கில்லை என்று பேச ஆள் காத்திருந்ததால், ஒருவரையொருவர் படிக்க வைப்பது மானப் பிரச்சினையாக இருந்தது. இந்த ஆரம்ப காலத்தை ஆராய்ந்த டயானா டர்க்கின் 2004-ஆம் ஆண்டு நூல் ஒரு சங்கடமான விஷயத்தையும் காட்டுகிறது. கல்லூரியில் பெண்கள் இருப்பது சகஜமாகிப்போனதும், அடுத்த தலைமுறையில் அறிவுக்கூட்டம் மெல்லச் சமூக அந்தஸ்துக் கூட்டமாக மாறியது. யாரை உயர்த்துவது என்ற அக்கறை, யாரைச் சேர்க்காமல் விடுவது என்ற கவலைக்கு இடம் கொடுத்தது.

சேர்க்காமல் விடப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. யூத மாணவிகள் 1909-இல் நியூயார்க்கின் பார்னர்ட் கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலன் ஃபையைத் தொடங்கினார்கள். கத்தோலிக்க மாணவிகள் 1912-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தீட்டா ஃபை ஆல்ஃபாவை அமைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானிய அமெரிக்க மாணவிகளின் கை ஆல்ஃபா டெல்டா 1920-களின் கடைசியில் வந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டதன் வரலாறாகவே சொராரிட்டியின் வரலாற்றை எழுதிவிடலாம். அந்த வீடுகளிலேயே அதிகம் சாதித்தவை கறுப்பினப் பெண்களுடையவை என்பது என் கருத்து.

ஹாவர்டில் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. சில ஆண்டுகளில் அதன் மாணவ உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு முளைத்தது. கூடிப் பேசினால் மட்டும் போதாது, தெருவில் இறங்க வேண்டும் என்ற 22 பேர் பிரிந்து 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவை அமைத்தார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் அவர்கள் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் பின்னால்தான் வர வேண்டும் என்று சொல்லப்பட்ட பேரணி அது. கல்லூரிப் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கி முதல் காரியமாகச் செய்தது இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிமிர்கிறது.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் சளைக்கவில்லை. 1935 முதல் 1942 வரை ஒவ்வொரு கோடையிலும் அதன் உறுப்பினர்கள் மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்குப் போனார்கள். டோரத்தி ஃபெரபி என்ற மருத்துவர் தலைமையில் மருத்துவர்களும் செவிலியரும் ஆசிரியைகளும் போய், குத்தகை விவசாயக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். ஓரிடத்தில் முகாம் போட்டுக் காத்திருந்தால் கூலியாட்களைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்ப முதலாளிகள் சம்மதிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த படித்த கறுப்பினப் பெண்கள் ஆட்களைத் தூண்டிவிடுவார்களோ என்ற பயம். உடனே திட்டத்தை மாற்றினார்கள். மருந்தையும் ஊசியையும் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே போனார்கள். பார்க்கிற இடம் மரத்தடியோ தேவாலயத் திண்ணையோ, அன்றைக்கு அதுதான் ஆஸ்பத்திரி. கல்லூரியில் ஒரு பேட்ஜுக்காகச் சேர்ந்தவர்கள், படிப்பு முடித்து வேலையில் அமர்ந்த பிறகு, விடுமுறையைச் செலவிட்டுச் செய்த காரியம் இது.

வெள்ளையினச் சங்கங்களிடம் இத்தகைய மரபே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். பை பீட்டா ஃபை 1912-இல் டென்னசி மலைக்குள், கேட்லின்பர்க் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி தொடங்கியது. முறையான பள்ளிக்கூடம் எட்டாத மலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம், பிறகு மருத்துவ உதவி, பிறகு அங்குள்ள பெண்களின் நெசவுக்கும் கூடை முடைதலுக்கும் சந்தை என்று அது வளர்ந்தது. அந்த வேரிலிருந்து வந்ததுதான் இன்றைய ஏரோமான்ட் கைவினைப் பள்ளி. டெல்டா காமா 1936 முதல் பார்வையற்றோருக்கான பணியைத் தன் பணியாக வைத்திருக்கிறது. இன்று பல சாப்டர்களில் சேவை என்பது ஆண்டுக்கொரு பான்கேக் விருந்து நடத்தி நன்கொடை திரட்டுவதாகச் சுருங்கிவிட்டது என்ற குறை உண்டு. அதில் நியாயமும் உண்டு. காசோலை அனுப்புவதற்கும் காரில் மருந்து ஏற்றிப் போவதற்கும் நடுவே உள்ள தூரம், ஒரு பெண் உள்ளுக்குள் எவ்வளவு வளர்கிறாள் என்பதிலும் தெரியும்.

மரபுகளுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மெழுகுவர்த்தி, கைகுலுக்கல், கோஷம் எல்லாம் குழந்தைத்தனமாகப் படலாம். புதிதாகச் சேர்ந்தவளுக்கு மூத்தவள் ஒருத்தியை 'பிக்' ஆக நியமிப்பார்கள். இவள் அவளுக்கு 'லிட்டில்'. யார் தன் அக்கா என்று தெரியாமலே சில நாள் அறைவாசலில் பரிசும் குறிப்பும் வந்துகொண்டிருக்கும்; பிறகு ஒரு மாலையில் ஆளைக் காட்டுவார்கள். அந்த அக்காவுக்கு ஓர் அக்கா, அவளுக்கும் ஓர் அக்கா என்று ஒரு வம்சமே இருக்கும். வீட்டைவிட்டு முதல் முறையாக வந்த பதினெட்டு வயதுக்காரிக்கு, எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடம் எடுப்பது என்பதிலிருந்து காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதுவரை கேட்க ஓர் ஆள் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டின் மதிப்பு, தனியாக ஒரு பெரிய ஊரில் படித்தவர்களுக்குத் தெரியும்.

மெழுகுவர்த்திச் சடங்கு இன்னும் அழகானது. யாரோ ஒருத்திக்கு நல்ல செய்தி. யாருக்கு என்று மற்றவர்களுக்குத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். சங்கப் பாட்டைப் பாடியபடி, எரியும் ஒரு மெழுகுவர்த்தியைக் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். முதல் சுற்று நட்புக்கு. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு அர்த்தம் கூடிக்கொண்டே போகும். திருமண நிச்சயம் என்றால் அதற்குரிய சுற்றில், தன் கைக்கு வரும்போது அவள் ஊதி அணைப்பாள். அவ்வளவுதான், வீடு இடிந்துவிடுகிற மாதிரி கூச்சல். முன்பு காதலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் இருந்த இந்தச் சடங்கை இப்போது சில சாப்டர்களில் வேலை கிடைத்ததற்கும் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததற்கும் நடத்துகிறார்கள். உயிருள்ள மரபு இப்படித்தான் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

கறுப்பினச் சொராரிட்டிகளில் ஒரே சமயத்தில் சேர்பவர்களுக்கு 'லைன்' என்று பெயர். உயர வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள். நிறுவனர்களின் பெயர்களையும் சங்க வரலாற்றையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பிறகு வளாகமே கூடியிருக்க, காலால் தாளமிட்டு ஆடிக்கொண்டு வெளிப்படுவார்கள். ஒரு லைனில் சேர்ந்து நின்றவர்கள் அறுபது வயதிலும் ஒருவரையொருவர் லைன் சகோதரி என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அடிமைப்படுத்தப்பட்ட முன்னோரின் பெயர்கள்கூட ஆவணங்களில் கிடைக்காத ஒரு சமூகத்தில், தனக்கு முன் வந்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு பெண்ணை உண்மையில் வளர்ப்பது சடங்கைவிடக் கணக்குப் புத்தகம்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு சாப்டரின் தலைவி, பொருளாளர், வீட்டு மேலாளர், ஒழுங்குக் குழு எல்லாமே பத்தொன்பது, இருபது வயது மாணவிகள். சந்தா கட்டாதவளிடம் போய்க் கேட்க வேண்டும். அவள் அப்பாவுக்கு வேலை போனது தெரிந்தால் தவணை போட்டுக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். குடித்துவிட்டு விதியை மீறிய நெருங்கிய தோழியின் விசாரணையில் உட்கார்ந்து, மறுநாள் காலை அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். தேர்தலில் தோற்ற பிறகும் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வகுப்பறை எதுவும் இதைக் கற்றுத்தராது. பிடித்தவர்களோடு நட்பாக இருப்பது யாருக்கும் கைவரும். பிடிக்காதவளும் நம் வீட்டுப் பெண்தான் என்று ஏற்றுக்கொண்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதில் வேறு ஒரு முதிர்ச்சி இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் இந்த அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட முடியாததற்குக் காரணம் வாசலில் நடப்பது. வெள்ளையினச் சங்கங்கள் பெரும்பாலானவை நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற, 1902-இல் தொடங்கிய கூட்டமைப்பில் இருக்கின்றன. இன்று 26 சங்கங்கள். அவற்றின் சேர்க்கைக்கு 'ரஷ்' என்று பெயர். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மாதம், வகுப்பு தொடங்குவதற்கும் முன்பே, இரண்டாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் இதில் இறங்குகிறார்கள். நாள்கணக்கில் வீடு வீடாகப் போக வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே நிற்பவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி வந்து கைப்பிடித்து அழைத்துப்போய்ச் சில நிமிடம் பேசுவாள். பிறகு இன்னொருத்தி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வாள். ஆண்கள், மது, பணம், மதம், அரசியல் ஆகியவற்றைப் பேசக்கூடாது என்பது எழுதப்படாத விதி. இரவில் உள்ளே இருப்பவர்கள் வாக்களிப்பார்கள். மறுநாள் காலை சேர வந்தவளின் பட்டியலில் வீடுகள் குறைந்திருக்கும், ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசி நாளில் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் உறையைப் பிரித்து, அழைப்பு வந்த வீட்டை நோக்கி ஓடுவார்கள். 2021-இல் டிக்டாக் வழியே உலகமே இதை வேடிக்கை பார்த்தது.

சில நிமிடப் பேச்சில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும்? உடை, பேச்சுத் தோரணை, எந்தப் பள்ளி, அம்மா எந்தச் சங்கம். கட்டணமோ ஒரு பருவத்துக்கே பல ஆயிரம் டாலர். வாசலிலேயே வர்க்கம் வடிகட்டப்பட்டுவிடுகிறது. இனமும் வடிகட்டப்பட்டது. 2013 செப்டம்பரில் அதே அலபாமாவின் மாணவர் இதழான கிரிம்ஸன் ஒயிட் ஓர் உண்மையை வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் தகுதியும் உள்ள ஒரு கறுப்பின மாணவியைச் சேர்த்துக்கொள்ள உள்ளிருந்த மாணவிகள் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் சில வீடுகளில் தடுத்துவிட்டார்கள் என்ற செய்தி. அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆளுநர் வாசலில் நின்று மறித்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடு முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகே கதவு திறந்தது. என்னை இதில் அதிகம் பாதித்தது, சேர்க்க விரும்பிய அந்தத் தங்கைகளின் கையாலாகாத நிலை. வாழ்நாள் உறவு என்ற அதே மரபு, மூத்தவர்களின் தப்பெண்ணத்துக்கும் வாழ்நாள் வாக்குரிமை கொடுத்துவிட்டது.

சமூகவியலாளர்கள் எலிசபெத் ஆம்ஸ்ட்ராங்கும் லாரா ஹாமில்டனும் ஒரு மத்திய மேற்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் விடுதியில், ஒரே தளத்தில் வசித்த பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். விருந்து வாழ்க்கையும் சொராரிட்டியும் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பெரிய சேதம் செய்யவில்லை. சுலபமான பாடம் எடுத்துச் சுமாராகத் தேறினாலும் அப்பாவின் தொடர்பு வேலை வாங்கித் தந்தது. அவர்களைப் பார்த்து அதே வழியில் போன நடுத்தர, ஏழை வீட்டுப் பெண்கள்தான் கடனோடும் மதிப்பற்ற பட்டத்தோடும் நின்றார்கள். இன்னொரு பக்கம், 2014-இல் காலப் நிறுவனம் 30,000-க்கு மேற்பட்ட பட்டதாரிகளிடம் நடத்திய ஆய்வில், கிரேக்க எழுத்துச் சங்கங்களில் இருந்த ஆண், பெண்களில் 43 சதவீதம் பேர் வேலையில் மனமொன்றி ஈடுபடுவதாகத் தெரிந்தது. மற்றவர்களில் அது 38. சங்கங்கள் இந்த எண்ணைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றன. ஏற்கெனவே வசதியும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், சொராரிட்டி தானாக ஒருத்தியை உயர்த்துவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. அவள் எதோடு உள்ளே வந்தாள் என்பதைப் பெருக்கிக் காட்டுகிறது.

விருந்துகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பான்ஹெலனிக் சங்கங்களின் வீடுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை. கேட்க நல்ல விதி. விளைவு, விருந்து எப்போதும் ஆண்கள் வீட்டில்தான். யார் உள்ளே வரலாம், குவளையில் என்ன ஊற்றுவது, எப்படித் திரும்பிப் போவது என்பதெல்லாம் ஆண்கள் கையில். பாலியல் வன்முறைக்கு இந்த ஏற்பாடே வழிசெய்கிறது என்று ஆம்ஸ்ட்ராங், ஹாமில்டன் குழுவினர் 2006-லேயே எழுதினார்கள். பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காகத் தொடங்கிய சங்கம், வாரக் கடைசியில் அந்தப் பாதுகாப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறது. ஹேஸிங் எனப்படும் ராகிங்கும் இப்படித்தான்: சேர்ந்து கஷ்டப்பட்டால் பாசம் வளரும் என்ற நம்பிக்கையில் பிறந்து, உயிர்களைக் காவுவாங்கியிருக்கிறது. வளாக ஹேஸிங்குக்கு எதிரான தேசியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. மிசிசிப்பித் தோட்டத்தில் சேர்ந்து பட்ட கஷ்டமும் கஷ்டம்தான். அதில் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

இவற்றை ஒழித்துவிடலாமே என்றால், அந்தப் பரிசோதனையும் நடந்தது. ஹார்வர்டு 2016-இல், ஒரு பாலினத்தார் மட்டும் உள்ள சங்கங்களில் சேர்பவர்களுக்குத் தலைமைப் பொறுப்புகளும் சில உதவித்தொகைப் பரிந்துரைகளும் கிடையாது என்று அறிவித்தது. குறிவைத்தது ஆண்களின் பழைய பணக்கார கிளப்புகளை. சொத்தும் கட்டடமும் வைத்திருந்த பல கிளப்புகள் அசையவில்லை. அந்த பலம் இல்லாத சொராரிட்டிகள்தான் முதலில் கலைந்தன, அல்லது இருபாலர் சங்கங்களாயின. வழக்குகளுக்குப் பிறகு 2020-இல் பல்கலைக்கழகம் விதியைக் கைவிட்டது. கதவை இடிக்கப் போய் வீட்டையே இடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் பெண்களும் இந்தக் கதைக்குள் வந்துவிட்டார்கள். 1998 என்ற ஒரே ஆண்டில் ஆஸ்டின், ஹூஸ்டன், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களில் தெற்காசிய மாணவிகளுக்கான சொராரிட்டிகள் தனித்தனியே தோன்றின. அறுபதுகளின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களின் மகள்கள் கல்லூரிக்கு வந்த காலம் அது. வீட்டில் ஓர் உலகம், வகுப்பில் ஓர் உலகம் என்று வளர்ந்தவர்களுக்கு இரண்டையும் விளக்காமலே புரிந்துகொள்ளும் அக்கா கிடைத்தாள். அங்கே படிக்கும் மகள் சேரப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. சந்தா எவ்வளவு, கட்ட முடியாதவளை என்ன செய்வார்கள், சேர்க்கை வாரங்களில் இரவு எத்தனை மணிவரை கூப்பிட்டு வைத்திருப்பார்கள், வெளியேற நினைத்தால் விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

சேர்க்கையை மாற்றுவதற்கான வழி அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. இடம் காலியாக உள்ள சாப்டர்கள், ரஷ் முடிந்த பிறகும் ஆண்டின் எந்த மாதத்திலும் ஒருத்தியை அழைத்துக்கொள்ளலாம். அதற்குக் கைதட்டலும் மைதானமும் வேண்டாம். ஒரே வகுப்பில் சேர்ந்து படித்து, ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று, சில மாதம் பழகிய பிறகு வரும் அழைப்பு அது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2012-இல் முதலாண்டு மாணவர்கள் இச்சங்கங்களில் சேர்வதையே தடைசெய்தது. இந்த இரண்டையும் சேர்த்து, முதல் ஆண்டு முழுக்க விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் பழக்கத்தின் பேரில் சேர்த்துக்கொள்வதை எல்லா வளாகங்களுக்கும் விதியாக்கலாம். பதினெட்டு வயதில் சில நிமிடப் பேச்சில் நிராகரிக்கப்படும் பெண்கள் அப்போது மிகவும் குறைவார்கள். இன்றும் அந்தப் பக்கவழியாகச் சேர்கிறவளுக்கு அதே சடங்கு, அதே பேட்ஜ், அதே பாட்டு, அதே அக்காதான்.